பல்கலைக்கழகத்துக்காரர் பள்ளிக்கு வந்தால் எந்த பெஞ்சில் உட்கார வேண்டும்?

வாசகர் கேள்வி, ஜூலை 6

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பட்டதாரி ஆசிரியர். எங்கள் பள்ளியிலிருந்து எட்டு கிலோமீட்டரில் பல்கலைக்கழகம். பதினோரு வருஷத்தில் அங்கிருந்து மூன்று முறை வந்திருக்கிறார்கள். மூன்று முறையும் பேனர், ஒரு மணி நேரப் பேச்சு, குரூப் போட்டோ, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பேனா. மறுநாள் ஏழாம் வகுப்பில் பின்னம் புரியாத பதினெட்டுப் பேரோடு நான் தனியாகத்தான் நின்றேன். பல்கலைக்கழகத்தால் பள்ளிக்கு உண்மையிலேயே ஏதாவது செய்ய முடியுமா சார்? முடியாது என்றால் அதையாவது சொல்லிவிடுங்கள்.

ஜூலை 6, இரவு 10.40

முடியும் டீச்சர். ஆனால் வருகிறவர் மேடையில் ஏறக் கூடாது. பின் பெஞ்சில் உட்கார வேண்டும். அடுத்த மாதமும் அதே பள்ளிக்கு வர வேண்டும்.

விளக்கம் நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 7, காலை

இருபத்திரண்டு வருஷமாக அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். நீங்கள் சொன்ன பேனரை நானும் பிடித்திருக்கிறேன். கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிற வருஷத்தில் 'விரிவாக்கப் பணி' என்று ஒரு கோப்பு நிரம்ப வேண்டும், அதற்கு ஜியோடேக் போட்ட, அதாவது எடுத்த இடம் பதிவான படம் வேண்டும். அப்படித்தான் ஒரு உயர்நிலைப் பள்ளிக்குப் போய், எட்டாம் வகுப்புக்கு ஒளியைப் பற்றி ஐம்பது நிமிஷம் பேசினேன். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள், நன்றாகத்தான் போயிற்று என்று நினைத்தேன்.

மதியம் பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. அந்த வகுப்பின் அறிவியல் டீச்சர், "சும்மா இருங்க சார், நான் கிளாஸ் எடுக்கிறேன்" என்றார். பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். மின்சுற்றுப் பாடம். ஒரு பேட்டரி, ஒரே மாதிரி இரண்டு டார்ச் பல்பு, தொடர் இணைப்பு. எரிய விடுவதற்கு முன் அவர் கேட்டார்: எந்த பல்பு அதிகமாக எரியும்? கிட்டத்தட்ட எல்லாரும் 'முதல் பல்பு' என்றார்கள். மின்சாரம் முதல் பல்பில் கொஞ்சம் செலவாகிவிடும், மிச்சம்தானே அடுத்ததுக்குப் போகும்? உண்மையில் தொடர் இணைப்பில் இரண்டிலும் ஓடுவது ஒரே அளவு மின்சாரம், இரண்டும் ஒன்றுபோலத்தான் எரிய வேண்டும்.

இது சின்னப் பிள்ளைகளின் நினைப்பு என்று எண்ணிக்கொண்டு ஊர் திரும்பினேன். அடுத்த வாரம் ஒரு சந்தேகத்தில் என் மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டேன். மின்சுற்றுக்கான கிர்ச்சாஃப் விதியைத் தூக்கத்திலும் எழுதக்கூடிய மாணவர்கள். முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் 'முதல் பல்பு' என்றார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பத்தொன்பது பேரில் பாதிப் பேராவது பி.எட். போவார்கள். மூன்று நான்கு வருஷத்தில் ஒரு எட்டாம் வகுப்பின் முன்னால் நிற்பார்கள். பள்ளியில் தவறாகப் புரிந்த ஒன்று கல்லூரிக்கு வந்து, சூத்திரத்துக்கு அடியில் பத்திரமாகத் தூங்கி, பிறகு அதே பள்ளிக்குத் திரும்புகிறது. நடுவில் மூன்று வருஷம் அது எங்கள் கையில்தான் இருந்தது, நாங்கள் தொடவே இல்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு என் முதல் பதில்: பல்கலைக்கழகம் பள்ளிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி தன் சொந்த வகுப்பறையில்தான் தொடங்குகிறது.

ஜூலை 7, மதியம்

ஒன்று விட்டுப்போயிற்று. டீச்சர் அன்று சுற்றை இணைத்தபோது ஒரு பல்பு நிஜமாகவே கொஞ்சம் அதிகமாக எரிந்தது! கடையில் 'ஒரே மாதிரி' என்று வாங்கும் இரண்டு பல்புகள் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை. பிள்ளைகள் "பாருங்க சார், நாங்க சொன்னதுதான்" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து விளக்கலாமா என்று நினைப்பதற்குள் முன் வரிசையில் இருந்த ஒரு பெண், "இடம் மாத்திப் போட்டுப் பாக்கலாம் மிஸ்" என்றாள். மாற்றினார்கள். அதிகம் எரிந்த பல்பு இப்போது இரண்டாவது இடத்திலும் அதிகமாகவே எரிந்தது. அப்படியென்றால் காரணம் இடமில்லை, பல்புதான்.

என் ஐம்பது நிமிஷப் பேச்சில் இப்படி ஒரு நொடிகூட இல்லை.

ஜூலை 9

இதெல்லாம் தனி ஆள் ஆர்வம், பெரிய அளவில் நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டம், இப்போது நர்மதாபுரம் என்று பெயர். அங்கே 'ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம்' என்று ஒன்று 1978-இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளிலும் தொடங்கியது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு அறிவியல். கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்று இரண்டு தன்னார்வ அமைப்புகள் அதற்கு அடித்தளம் போட்டன. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும், பிறகு டில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகளும் பேராசிரியர்களும் ரயிலேறிப் போய் அந்தக் கிராமங்களில் வாரக்கணக்கில் தங்கினார்கள்.

அவர்கள் போய்ப் பேசிவிட்டு வரவில்லை. பாடத்தைப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து எழுதினார்கள். எழுதியதைப் பள்ளியில் நடத்திப் பார்த்தார்கள். எங்கே சொதப்புகிறது என்று மாதாந்திரக் கூட்டத்தில் ஆசிரியர்கள் சொன்னார்கள், பாடத்தைத் திருத்தி எழுதினார்கள். பிள்ளைகள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து சோதனை செய்ய வேண்டும். பள்ளிக்கு ஒரு சாமான் பெட்டி. தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுதலாம், அதோடு செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்துக்கு அங்கே வேலையே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது சவாலிராம். அப்படி ஓர் ஆள் கிடையாது, கற்பனைப் பாத்திரம். பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றுகிற கேள்வியைக் கடிதமாக எழுதி சவாலிராமுக்கு அனுப்பலாம். திட்டத்தில் இருந்தவர்கள் விடை தேடி, சவாலிராம் பெயரிலேயே பதில் போட்டார்கள். பல்கலைக்கழகம் எதற்கு என்று என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு என்பேன்: பள்ளிப் பிள்ளை எழுதிய கடிதத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு விடை தேடுவதற்கு.

அர்விந்த் குப்தாவும் அந்த வழியில் வந்தவர்தான். கான்பூர் ஐஐடியில் படித்து டெல்கோவில் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) வேலை பார்த்த பொறியாளர். 1978-இல் லீவு போட்டுவிட்டு அங்கே போனார். கிராமத்துச் சந்தையில் பார்த்த சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் வைத்துக் கன உருவங்கள் செய்யக் கற்றுக்கொடுத்தார். உங்கள் ஏழாம் வகுப்புக்கு அதையே செய்து பாருங்கள். முக்கோணம் நசுங்காது, சதுரம் நசுங்கும். பாலத்திலும் செல்போன் டவரிலும் ஏன் அத்தனை முக்கோணம் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஜூலை 10

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். திட்டம் தொடங்கியது 1978-இல் இல்லை, 1972-இல், வெறும் 16 பள்ளிகளில். 1978 என்பது மாவட்டம் முழுக்கப் போன வருஷம். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் அந்த ஆறு வருஷம்தான். 16 பள்ளியில் ஆறு வருஷம் இருந்து பார்த்துவிட்டு மாவட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். நம்மிடம் எதுவும் ஜூனில் அறிவித்து ஜூலையில் மாநிலம் முழுக்க வந்துவிட வேண்டும்.

ஜூலை 14

டீச்சர், உங்கள் இரண்டாவது கடிதம் வந்தது. "ஹோஷங்காபாத் இருக்கட்டும் சார். மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று நேற்று ஒரு பையன் கேட்டான். விதி அப்படி என்று சொல்லிவிட்டேன். இதற்கு உங்கள் பல்கலைக்கழகம் என்ன செய்யும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி.

எங்கள் கணிதத் துறை நண்பரிடம் அதை அப்படியே கேட்டேன். பங்கீட்டு விதியை வைத்து மூன்று வரியில் நிரூபணம் எழுதிக் கொடுத்தார். குற்றமில்லாத நிரூபணம், ஏழாம் வகுப்புக்குத்தான் ஆகாது. பையனுக்கு இது போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. பலகையில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள்: மூன்று பெருக்கல் மைனஸ் இரண்டு, மைனஸ் ஆறு. இரண்டு பெருக்கல் மைனஸ் இரண்டு, மைனஸ் நான்கு. அடுத்து மைனஸ் இரண்டு. அடுத்து பூஜ்யம். ஒவ்வொரு படிக்கும் விடை இரண்டு இரண்டாகக் கூடுகிறது. இப்போது இடது பக்கம் மைனஸ் ஒன்று. வலது பக்கம் என்ன வர வேண்டும் என்று அவனையே கேளுங்கள். பூஜ்யத்துக்கு மேல் இரண்டு என்று அவனே சொல்வான். ஒழுங்கு கெடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி.

அதன் பிறகு பிரம்மகுப்தரைப் பற்றிச் சொல்லுங்கள். 628-லேயே அவர் குறை எண்ணைக் கடன் என்றும் மிகை எண்ணைச் செல்வம் என்றும் பெயரிட்டு, கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என்று விதி எழுதி வைத்தார். வட்டிக் கடை உள்ள ஊர்ப் பிள்ளைகள் அதற்கு மேல் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும்.

பல்கலைக்கழகம் என்ன செய்யும் என்றீர்களே: நிரூபணம் அங்கே இருக்கிறது, வரலாறு அங்கே இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எது, எவ்வளவு என்பது உங்களிடம் இருக்கிறது. இரண்டும் ஒரே மேஜைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். நண்பரும் நானும் நேற்று ஒன்றரை மணி நேரம் இதையே பேசினோம். கிளம்பும்போது அவர் சொன்னார்: "முப்பது வருஷமா இது ஏன்னு யாரும் என்னைக் கேட்டதில்ல."

ஜூலை 15

பின்னத்தால் வகுத்தால் ஏன் கவிழ்த்துப் பெருக்குகிறோம் என்பதற்கு உங்களிடம் நல்ல வழி இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மூன்று லிட்டர் பாலை அரை லிட்டர் சொம்பால் எத்தனை தடவை அளக்கலாம் என்பதுதானே? அதை நான் முதலாம் ஆண்டு வகுப்பில் சொன்னேன். ஒருவன் நோட்டை மூடிவிட்டு, "இதுக்குத்தானா சார்?" என்றான். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னான்.

ஜூலை 21

இன்றைக்கு பி.எட். பற்றி. இதுதான் எனக்குப் பெரிய வருத்தம், நீளமாகப் போகும்.

தமிழ்நாட்டில் கணக்கு ஆசிரியர் உருவாவதைப் பாருங்கள். பி.எஸ்சி. ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ். பி.எட். 2008-இல் வந்த ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ். பாடம் தெரிந்தவர்கள் ஒரு கட்டடத்தில், கற்பிக்கத் தெரிந்தவர்கள் இன்னொரு கட்டடத்தில். இரண்டு பேரும் ஒரே மாணவனைப் பற்றி உட்கார்ந்து பேசியதை இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. 2015-லிருந்து பி.எட். இரண்டு வருஷமாகி, பள்ளியில் போய் இருக்கும் காலமும் கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் என் பழைய மாணவி ஒருத்தி ஒரு பள்ளியில் பயிற்சிக்குப் போயிருந்தபோது, வராத ஆசிரியர்களின் பீரியடைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகத்தான் அவளை வைத்திருந்தார்கள். பி.எஸ்சி. நடத்திய எங்களில் ஒருவர்கூடப் போய் அவளை எட்டிப் பார்க்கவில்லை. அது எங்கள் வேலை என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

வேறு வழி இருக்கிறது. மைசூரில் 1963-இல் தொடங்கிய வட்டாரக் கல்வி நிறுவனத்தில் பி.எஸ்சி., பி.எட். இரண்டையும் சேர்த்து நான்கு வருஷப் படிப்பாக நடத்துகிறார்கள். அமெரிக்காவில் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1997-இல் யூடீச் என்று ஒன்றைத் தொடங்கியது. அறிவியல் புலமும் கல்வியியல் புலமும் சேர்ந்து நடத்துவது. முதல் பருவத்திலேயே மாணவனைத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பிப் பாடம் எடுக்க வைக்கிறார்கள். பிடித்தால் தொடரலாம், இல்லையென்றால் விலகிக்கொள்ளலாம். எனக்கு அதில் பொறாமை தரும் விஷயம் இன்னொன்று: நல்ல அனுபவமுள்ள பள்ளி ஆசிரியர்களையே பல்கலைக்கழகத்தில் வேலைக்கு வைத்து, இந்த மாணவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உங்களை எங்கள் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டுப் பின்னம் நடத்தச் சொல்வதாக நினைத்துப் பாருங்கள் டீச்சர். எங்கள் ஆராய்ச்சி மாணவர்களுக்கு அது தேவை என்று மனதாரச் சொல்கிறேன்.

ஜூலை 22

நேற்றைய வேகத்தில் பி.எட். கல்லூரிகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிட்டேன். அக்கறையாக நடத்துகிற இடங்களும் உண்டு, என் மனைவி படித்தது அப்படி ஓரிடத்தில். மாதிரி வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசுவார்களாம். பாடத் துறையும் கல்வியியல் துறையும் பேசிக்கொள்வதில்லை என்ற புகார் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 28

பேச்சு இப்போது மொழியின் பக்கம் போகிறது, போகட்டும்.

தமிழ் வழியில் படித்து வந்த முதலாம் ஆண்டுப் பையன். இனர்ஷியா என்றால் என்ன என்று கேட்டேன், தலை குனிந்து நின்றான். அப்புறம் யதேச்சையாக 'நிலைமம்' என்றேன். நிமிர்ந்தான். ஓடுகிற பஸ் பிரேக் போட்டால் நாம் ஏன் முன்னால் சாய்கிறோம் என்பதில் தொடங்கி ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் பேசினான். எல்லாம் தெரிந்தவன், கதவின் பெயர்ப் பலகை மட்டும் மாறியிருந்தது. அன்றிலிருந்து முதல் மாதம் முழுக்கப் பலகையில் இரண்டு சொல்லையும் எழுதுகிறேன். திசைவேகம், வெலாசிட்டி. முடுக்கம், ஆக்ஸிலரேஷன். இதற்கு நிதி வேண்டாம், ஒப்பந்தம் வேண்டாம். பள்ளியில் நீங்கள் கட்டியதை நாங்கள் இடிக்காமல் இருப்பதும் ஓர் உதவிதான்.

ஆகஸ்ட் 1

பிள்ளைகள் கேள்வி எழுதிப் போட நாங்கள் பள்ளியில் வைத்த கேள்விப் பெட்டி பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். ஆமாம், சவாலிராமைப் பார்த்துத்தான் இரண்டு பள்ளிகளில் வைத்தோம். ஷூ பெட்டியில் ஓட்டை போட்டது. என் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் போஸ்ட் கார்டில் பதில் எழுத வேண்டும். ஒரு நிபந்தனை: பதிலில் பிள்ளை தானே செய்து பார்க்க ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், முடிந்தவரை.

வந்த கேள்விகளில் சில: மின்மினி மழையில் அணையாதா? அறுந்த வால் துடிக்கும்போது பல்லிக்கு வலிக்குமா? ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் எத்தனை நம்பர் இருக்கிறது? பூமி எவ்வளவு பெரிசு என்று யார் டேப் வைத்து அளந்தார்கள்?

மின்மினிக்குப் பதில் எழுதிய மாணவி மூன்று நாள் படித்தாள். நெருப்பில்லாத வெளிச்சம், உடம்புக்குள் நடக்கும் வேதிவினை, அதனால் சூடும் கிட்டத்தட்ட இல்லை, மழையில் அணைவதும் இல்லை என்று ஒரு போஸ்ட் கார்டுக்குள் அடக்குவதற்குள் நான்கு கார்டு கிழிந்தது. அந்த நான்கு கார்டில் அவள் கற்றதை நான் எந்த இன்டர்னல் தேர்விலும் கற்றுக்கொடுத்ததில்லை.

கடைசிக் கேள்விக்குக் கார்டு போதவில்லை. கன்னியாகுமரிப் பக்கம் ஒரு பள்ளி, சென்னையில் என் நண்பர் போய்வரும் ஒரு பள்ளி. போன வருஷம் செப்டம்பர் 23 அன்று இரண்டு இடத்திலும் ஒரு மீட்டர்க் குச்சியை நட்டு, உச்சி நேரத்தில் நிழல் மிகக் குட்டையாகும் வரை குறித்துக்கொண்டே இருந்தார்கள். சென்னையில் 23 சென்டிமீட்டர். தெற்கே 14-க்குக் கொஞ்சம் மேல். அளவுப்படி வரைந்து கோணமானியால் அளந்தால் இரண்டு கோணத்துக்கும் வித்தியாசம் ஐந்து டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு ஊருக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தூரம் சுமார் 555 கிலோமீட்டர். பஸ் ரூட் தூரத்தை எடுத்துவிடாதீர்கள், எங்கள் பிள்ளைகள் முதலில் அதைத்தான் எடுத்தார்கள், பூமி ஊதிப்போயிற்று. மேப்பில் நேர் வடக்காக அளந்து, அந்தக் கோண வித்தியாசத்துக்கு இவ்வளவு தூரம் என்றால் முழு வட்டம் 360 டிகிரிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டதும் சுற்றளவு 41,000 கிலோமீட்டர் வந்தது. உண்மை சுமார் 40,000. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பூமியை அளந்துவிட்டார்கள், ஒரு குச்சியை வைத்து! என் துறையும் அந்த நண்பரின் துறையும் செய்தது போனில் நேரம் ஒத்துக்கொண்டதும், எங்கே பிழை வரும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்ததும்தான்.

ஆகஸ்ட் 4

இரண்டு நாளாக ஒரு விஷயம் உறுத்துகிறது. ஹோஷங்காபாத்தைப் பற்றி நல்லதாகவே எழுதிவிட்டேன். அந்தத் திட்டம் 2002-இல் மாநில அரசால் மூடப்பட்டது. 1982-லிருந்து அதைப் பார்த்துக்கொண்ட ஏகலவ்யா அமைப்பு இன்றும் இருக்கிறது, புத்தகம் போடுகிறது. ஆனால் பள்ளிகளில் அந்த அறிவியல் வகுப்பு நின்றுபோனது. முப்பது வருஷ உழைப்பு.

ஏன் என்பதற்குப் பலரும் பல காரணம் சொல்கிறார்கள். எனக்குப் படுவது இது: தொடங்கியவர்களின் தலைமுறைக்குப் பிறகு, பள்ளிக்குப் போவது எந்தப் பல்கலைக்கழகத் துறைக்கும் அன்றாட வேலையாக மாறவில்லை. நல்ல மனிதர்களின் நல்ல மனதாகவே இருந்தது. எங்கள் பதவி உயர்வுப் படிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். பத்து வருஷம் ஒரே பள்ளிக்குப் போனாலும் முகாம், விழா எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே கட்டத்தில் ஒரு டிக். இளம் ஆசிரியர் எதைச் செய்வார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஜூலை 6-ஆம் தேதி 'பின் பெஞ்சில் உட்காருங்கள், அடுத்த மாதமும் வாருங்கள்' என்றேன். அது போதாது. வருவதற்கு ஆன் டியூட்டி வேண்டும், பஸ் காசு வேண்டும், டைம்டேபிளில் அதற்கு நேரம் வேண்டும். நம் மாநிலத்தில் 2022 நவம்பரிலிருந்து வானவில் மன்றம் என்று ஆறு முதல் எட்டு வரை அரசுப் பள்ளிகளுக்கு ஆட்கள் சோதனைப் பொருளோடு வருகிறார்கள். பல பள்ளிகளைச் சுற்றி வர வேண்டிய அவர்களுக்குப் பின்னால், அருகிலுள்ள ஒரு கல்லூரித் துறை நிலையாக நின்றால் எவ்வளவு உதவியாக இருக்கும்! கேள்வி வந்தால் போன் செய்ய ஓர் இடம், உடைந்ததைச் சரிசெய்ய ஒரு லேப்.

ஆகஸ்ட் 10, இரவு

டீச்சர், இன்று சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் உங்கள் குறுவள மையத்துக்கு வந்துவிட்டுத் திரும்பி எழுதுகிறேன். அழைத்ததற்கு நன்றி. பேனர் வேண்டாம் என்று ஹெச்.எம். ஐயாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தீர்கள், அதற்கும்.

என்னோடு வந்த மூன்று பேரும் இரண்டாம் ஆண்டு. பஸ்ஸில் வரும்போது பயந்துகொண்டே வந்தார்கள். இரண்டு பல்புச் சுற்றை வைத்து ஆசிரியர்கள் பதினான்கு பேரும் ஒரு மணி நேரம் வாதாடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெரிய கண்ணாடி போட்ட சார், "அப்ப ஒரு பல்பைக் கழட்டி அந்த இடத்துல வயரை நேரா வச்சா, மத்தது ஏன் அவ்வளவு பிரகாசமாகுது? கரன்ட் அளவு பேட்டரியில முடிவாகாதா?" என்று கேட்டாரே, அதுதான் கேள்வி. எங்கள் பையன் எழுந்து, "எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல சார், அடுத்த மாசம் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றான். அவர் உடனே டைரியில் குறித்துக்கொண்டார். அவன் திரும்பி வரும் வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தான், நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த கூட்டம் செப்டம்பர் 14 என்று எழுதி வைத்திருக்கிறேன். பேட்டரி, வயர், அம்மீட்டர் எங்கள் லேபிலிருந்து எடுத்து வருகிறோம். அங்கே இருந்த பல்பில் நான்கு ஃப்யூஸ் போயிருக்கிறது, டார்ச் பல்பு ஒரு டஜன் மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கள். காலை பத்தேகாலுக்கு வந்துவிடும் பஸ்ஸில் வருகிறோம்.